ஓட்டத்துக்குப் பழகும் தசைகள்: வாசகர் கேள்வி – பதில்

கொழும்பில் காலை வேளையில் ஓடுவோரும் நடப்போரும் பெருகிவருவதைப் பற்றி முன்னைய இதழொன்றில் எழுதிய சிறு குறிப்பைத் தொடர்ந்து பல கடிதங்கள் வந்திருக்கின்றன. நீண்ட நேர உடற்பயிற்சியால் தசைக்குள் என்ன நிகழ்கிறது என்று கேட்டவற்றை மட்டும் இம்முறை எடுத்துக்கொள்கிறேன். உடல் எடையைக் குறைப்பது பற்றிய கேள்விகளுக்கு வேறோர் இதழில் இடம் ஒதுக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 38. வங்கியொன்றில் பணிபுரிகிறேன். நான்கு மாதங்களாக மரைன் டிரைவ் வீதியில் வாரத்துக்கு நான்கு நாள் ஓடிவருகிறேன். தொடக்கத்தில் அரைக் கிலோமீற்றரிலேயே மூச்சு வாங்கி நின்றுவிடுவேன்; இப்போது அதைவிட வேகமாக ஆறு கிலோமீற்றர் ஓடுகிறேன். ஆனால் உடல் எடையும் கால்களின் பருமனும் அப்படியே இருக்கின்றன. நுரையீரல் விரிந்துவிட்டது என்கிறார் கணவர். இதயம் பலப்பட்டுவிட்டது என்கிறார் குடும்ப வைத்தியர். உண்மையில் மாறியது எது?
— வாசகி, வெள்ளவத்தை

பதில்: வைத்தியர் சொன்னது உண்மை. பயிற்சி பெற்ற இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் முன்பைவிடக் கூடுதலான குருதியை வெளியே தள்ளுகிறது. உடலிலுள்ள குருதியின் மொத்தக் கனவளவும் கூடுகிறது. ஆனால் வளர்ந்த ஒருவரின் நுரையீரல் நான்கு மாத ஓட்டத்தால் விரிவதில்லை. உங்கள் கேள்விக்கான விடையின் பெரும்பகுதி தொடையிலும் கெண்டைக்காலிலும் உள்ள வன்கூட்டுத் தசைகளுக்குள்ளே, அளவு நாடாவுக்கு அகப்படாத நுண்ணிய இடங்களில் இருக்கிறது.

ஒரு மில்லிமீற்றரின் பத்திலொரு பங்குக்கும் குறைவான விட்டமுள்ள நார்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தே ஒரு தசை ஆகிறது. அந்த நார்கள் சுருங்குவதற்கு ஏ.ரி.பி. என்னும் சேர்வை தரும் சக்தி வேண்டும். கடுமையாக முயலும்போது நாரில் இருப்பிலுள்ள ஏ.ரி.பி. சில விநாடிகளுக்கே போதுமானது என்பதால், அது செலவாகும் வேகத்திலேயே மீண்டும் உருவாகிக்கொண்டிருக்க வேண்டும். நெடுநேர ஓட்டத்தில் அந்த வேலையைச் செய்பவை, மைட்டோகொண்ட்ரியா எனப்படும் இழைமணிகள். அவை ஒட்சிசனைக் கொண்டு மாச்சத்தையும் கொழுப்பையும் எரித்து ஏ.ரி.பி.யை ஆக்குகின்றன. 1967இல் அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் ஜோன் ஹொலொசி என்ற ஆய்வாளர், எலிகளைப் பன்னிரண்டு வாரங்கள் ஓடுபொறியில் ஓட வைத்து, படிப்படியாக நாளொன்றுக்கு இரண்டு மணி நேரம் ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார். அதன் பின்னர் அவற்றின் கால் தசைகளைச் சோதித்தபோது, ஒட்சிசனைப் பயன்படுத்தி எரிபொருளை எரிக்கும் ஆற்றல் ஏறத்தாழ இரண்டு மடங்காகியிருந்தது. இழைமணிப் புரதத்தின் அளவு சுமார் 60 சதவீதம் கூடியிருந்தது. பயிற்சியின் பலனை இதயத்திலும் குருதியிலும் மட்டுமே தேடிக்கொண்டிருந்த ஒரு துறையைத் தசையின் பக்கம் திருப்பிய ஆய்வு இது. பின்னர் மனிதரிலும் இதே திசையிலான மாற்றம் உறுதிப்படுத்தப்பட்டது.

இங்கே ஒரு புதிர் எழுகிறது. சில மாதப் பயிற்சியால், உடல் உள்வாங்கிப் பயன்படுத்தக்கூடிய ஒட்சிசனின் உச்ச அளவு பெரும்பாலானோருக்குப் பதினைந்து அல்லது இருபது சதவீதமே கூடுகிறது. அவ்வளவு ஒட்சிசனே வந்து சேரும்போது இழைமணிகள் அதைவிடப் பல மடங்கு பெருகி என்ன பயன் என்று கேட்கலாம். உங்களுடைய ஆறு கிலோமீற்றருக்கான விளக்கமே இந்தக் கேள்வியின் விடையில் இருக்கிறது. கோயில் அன்னதானத்துக்குரிய சோற்றை இரண்டு அடுப்புகளில் ஆக்குவதாயின் நெருப்பைக் கொழுந்துவிட்டு எரிக்க வேண்டும். அதே சோற்றை அதே நேரத்துக்குள் ஆறு அடுப்புகளில் ஆக்குவதாயின் ஒவ்வோர் அடுப்பும் தணிந்து எரிந்தாலே போதும். குறித்த ஒரு வேகத்தில் ஓடுவதற்கு இன்றும் நீங்கள் முன்பு செலவழித்த ஒட்சிசனையே ஏறத்தாழச் செலவழிக்கிறீர்கள். ஆனால் அந்த வேலை இப்போது கூடுதலான இழைமணிகளுக்கிடையே பகிரப்படுவதால், தசைநாருக்குள் நிகழும் இரசாயனக் குழப்பம் முன்பைவிட மிகக் குறைவு: ஏ.ரி.பி. சிதைந்து சேரும் கழிவுகள் குறைவாகத் தேங்குகின்றன, மாச்சத்து மெதுவாகக் கரைகிறது, இலத்திக்கமிலம் குறைவாக உருவாகிறது, கொழுப்பு கூடுதலாக எரிகிறது. மெலிந்த உடலில்கூடக் கொழுப்பு சில கிலோகிராம் உண்டு. தசைகளில் சேமிக்கப்படும் கிளைக்கோஜன் என்ற மாச்சத்தோ ஏறக்குறைய 400 கிராம் மட்டுமே. அருமையானதைச் சிக்கனமாகச் செலவழிக்கக் கற்றுக்கொண்ட தசை நெடுநேரம் தாக்குப்பிடிக்கிறது. மூச்சு வாங்குவது தணிந்ததற்கும் இதில் பெரும் பங்கு உண்டு. உழைக்கும் தசையின் உட்சூழல் அமைதியாக இருந்தால் மூச்சை விரைவுபடுத்தும் தூண்டல்களும் குறைகின்றன.

இன்னொரு மாற்றம், மயிர்க்குழாய்கள் எனப்படும் மிக நுண்ணிய குருதிக் குழாய்களின் பெருக்கம். 1977இல் அன்டர்சன், ஹென்றிக்சன் ஆகிய இருவரும் வெளியிட்ட ஆய்வில், வாரத்துக்கு நான்கு முறை நாற்பது நிமிடம் கடுமையாகச் சைக்கிள் மிதித்தவர்களின் தொடைத் தசையில் எட்டு வாரங்களில் மயிர்க்குழாய்களின் செறிவு சுமார் 20 சதவீதம் கூடியிருந்தது. தசைநாரைச் சுற்றி மயிர்க்குழாய்கள் கூடும்போது ஒட்சிசன் கடக்க வேண்டிய தூரம் குறைகிறது. குருதி அங்கே தங்கிச் செல்லும் நேரமும் கூடுகிறது. உங்கள் கால் பருக்காததற்கும் இதனோடு தொடர்புண்டு. மெல்லிய நாருக்குள் ஒட்சிசன் எளிதில் ஊடுருவும். நாரைத் தடிக்கச் செய்வது பாரம் தூக்கும் பயிற்சிக்கு உரிய மாற்றம், ஓட்டத்துக்கு உரியதன்று. ஆகவே அளவு மாறவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

கேள்வி: உயர்தர வகுப்பில் உயிரியல் படிக்கிறேன். ஓட்டம் முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு நாள் முழுவதும் கதிரையில் அமர்ந்து படிக்கிறேன். ஓடியதைத் தசை எப்படி நினைவில் வைத்துக்கொண்டு இழைமணிகளை ஆக்குகிறது?
— மாணவி, கொட்டாஞ்சேனை

பதில்: மிக நல்ல கேள்வி, இதற்கு விடை தெளிவாகத் தொடங்கியதே கடந்த முப்பது ஆண்டுகளுக்குள்தான். ஓடும்போது தசைநாருக்குள் குறைந்தது இரண்டு சமிக்ஞைகள் எழுகின்றன. நரம்புத் தூண்டல் ஒவ்வொன்றும் நாருக்குள் கல்சியத்தை விடுவிக்கிறது. சுருக்கத்தைத் தொடக்கி வைக்கும் அதே கல்சியம், நெடுநேரம் மீண்டும் மீண்டும் உயரும்போது சில நொதியங்களையும் விழிக்கச் செய்கிறது. அதே வேளை ஏ.ரி.பி. செலவாகி ஏ.எம்.பி. என்ற சேர்வை சற்றே உயர, அதை உணரும் ஏ.எம்.பி.கே. என்ற நொதியமும் தூண்டப்படுகிறது. முன்னது தசை எவ்வளவு வேலை செய்தது என்பதையும், பின்னது அந்த வேலை எவ்வளவு நெருக்கடியை உண்டாக்கியது என்பதையும் கலத்தின் கருவுக்கு அறிவிக்கின்றன எனலாம்.

இந்தச் சமிக்ஞைகள் பல வந்து சேரும் இடமாக பி.ஜி.சி.-1 அல்பா என்ற புரதம் விளங்குகிறது. 1998இல் புரூஸ் ஸ்பீகல்மனின் ஆய்வுகூடத்தில், தசையில் அல்ல, உடலுக்குச் சூடு தரும் பழுப்புக் கொழுப்பிழையத்தை ஆராயும்போதே இது முதலில் இனங்காணப்பட்டது. இழைமணிகளை ஆக்குவதற்கு வேண்டிய புரதங்களின் பட்டியல் இரு இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும்: மிகப் பெரும்பகுதி கருவின் டி.என்.ஏ.யில், சிறு பகுதி இழைமணிக்கே உரிய டி.என்.ஏ.யில். இவ்விரண்டும் ஒத்திசைந்து வாசிக்கப்படுவதற்கு பி.ஜி.சி.-1 அல்பா வழிசெய்கிறது. மயிர்க்குழாய்களை வளர்க்கும் காரணியொன்றின் உற்பத்தியையும் அது தூண்டுகிறது.

நினைவு எங்கே இருக்கிறது என்றால், காலத்தின் வேறுபாட்டில் இருக்கிறது. ஓட்டம் முடிந்த சில நிமிடங்களில் நொதியச் சமிக்ஞைகள் அடங்கத் தொடங்குகின்றன. மரபணுக்களிலிருந்து படியெடுக்கப்பட்ட தூது ஆர்.என்.ஏ. அதன் பின்னான சில மணி நேரங்களில் உச்சத்தை அடைந்து, ஏறத்தாழ ஒரு நாளில் பழைய நிலைக்கு இறங்கிவிடுகிறது. ஆனால் அதைக் கொண்டு ஆக்கப்பட்ட புரதம் அவ்வளவு விரைவில் அழிவதில்லை. எலித் தசையில் சில இழைமணிப் புரதங்களின் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ ஒரு வாரம் என்று அளக்கப்பட்டிருக்கிறது. ஒரு நாளின் ஓட்டம் விட்டுச்செல்லும் சிறு மிகுதி கரைவதற்குள் அடுத்த ஓட்டத்தின் மிகுதி அதன் மேல் சேர்கிறது. நீங்கள் கதிரையில் அமர்ந்து படிக்கும் நேரமே தசை கட்டப்படும் நேரமும் ஆகும். உறக்கமும் போதிய உணவும் பயிற்சியின் பகுதிகள் என்று நான் வலியுறுத்துவது இதனால்தான். பரீட்சைக்காக உறக்கத்தைக் குறைத்துவிட்டு ஓட்டத்தை மட்டும் விடாமல் தொடர்வது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை.

கேள்வி: ஒன்றரை ஆண்டுகளாக ஜிம்மில் நிலைச் சைக்கிள் மிதித்துவருகிறேன், ஒரு மணி நேரம் களைப்பின்றி மிதிப்பேன். அண்மையில் நண்பர்களோடு சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி ஓட முயன்றபோது புதிதாகத் தொடங்கியவன் போல் ஆகிவிட்டேன். இவ்வளவு நாள் செய்தது வீணா?
— வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: வீணல்ல. உங்கள் இதயமும் குருதியும் பெற்ற பலனை ஓட்டத்திலும் பயன்படுத்தலாம். ஆனால் இழைமணிகளும் மயிர்க்குழாய்களும் உழைத்த தசையில் மட்டுமே பெருகுகின்றன. இதை மிகத் தெளிவாகக் காட்டியவர் பெங்ற் சல்ற்றின் என்ற சுவீடன் நாட்டு உடற்றொழிலியலாளர். 1976இல் அவரும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்றவர்கள் ஒவ்வொரு காலையும் தனித்தனியே பயிற்றினார்கள். சிலர் ஒரு காலை மட்டும் பயிற்றி மற்றதை அப்படியே விட்டார்கள். நான்கு வாரங்களின் பின்னர், பயிற்சி பெற்ற காலின் தசையில், ஒட்சிசனைக் கொண்டு எரிபொருளை எரிக்க உதவும் ஒட்சியேற்ற நொதியங்கள் கூடியிருந்தன. அதே உடலின் அதே குருதியைப் பெற்ற மற்றக் காலின் தசையில் அந்த மாற்றம் இல்லை. அது மட்டுமல்ல, பயிற்சி பெற்ற காலால் மிதித்தபோது இதயத் துடிப்புத் தணிந்திருந்தது. மற்றக் காலால் மிதித்தபோது அந்த நன்மை பெரும்பாலும் காணப்படவில்லை. இதயம் அமைதியாகத் துடிப்பதுகூடப் பகுதியளவில் தசையின் நிலையைப் பொறுத்தது என்பதை இந்த ஆய்வு கற்பித்தது.

சைக்கிள் மிதிக்கும்போது முன்தொடைத் தசைகள் பெருஞ்சுமையை ஏற்கின்றன. ஓட்டத்தில் கெண்டைக்காலும் பின்தொடையும் கூடுதலாக உழைக்கின்றன. ஒவ்வொரு அடியிலும் உடலின் பாரத்தைத் தாங்கித் தசை நீண்டுகொண்டே விசையைக் கொடுக்க வேண்டிய தேவையும் இருக்கிறது. நிலைச் சைக்கிளில் இது இல்லை. வாரத்துக்கு இரண்டு நாள் சைக்கிளுக்குப் பதிலாகச் சிறு தூரம் ஓடுங்கள். நடையும் ஓட்டமும் மாறி மாறி இருக்கட்டும். இதயம் ஏற்கெனவே தயாராக இருப்பதால், கால்கள் தாங்கக்கூடியதைவிட வேகமாக ஓடத் தோன்றும். அந்த ஆசைக்கு முதல் சில வாரங்கள் இடங்கொடுக்க வேண்டாம்.

கேள்வி: பதினைந்து வயதான என் மகன் பாடசாலை அணியில் 100 மீற்றர், 200 மீற்றர் ஓடுபவன். புதிய பயிற்றுநர் அவனை வாரத்தில் பல நாள்கள் நெடுந்தூரம் ஓடச் சொல்கிறார். அதனால் அவனுடைய வேகத் தசைகள் மெதுவான தசைகளாக மாறிவிடும் என்று உறவினர் ஒருவர் எச்சரித்தார். இது உண்மையா?
— தந்தை, தெஹிவளை

பதில்: உறவினரின் அச்சம் மிகையானது, ஆனாலும் முற்றிலும் அடிப்படையற்றது என்று தள்ளிவிட முடியாது. மனிதத் தசையில் மூன்று வகை நார்கள் உள்ளன. முதலாம் வகை மெதுவாகச் சுருங்கும், எளிதில் களைக்காது. இரண்டாம் வகையில் இரு பிரிவுகள்: விரைவாகச் சுருங்குவதோடு ஓரளவு தாக்குப்பிடிக்கவும் வல்லது ஒன்று, மிக விரைவாகச் சுருங்கி விரைவிலேயே களைத்துப்போவது மற்றது. முன்னதை 2ஏ என்றும் பின்னதை 2எக்ஸ் என்றும் குறிப்பார்கள். சிறந்த மரதன் வீரர்களின் கால்களில் முதலாம் வகையும் குறுந்தூர வீரர்களின் கால்களில் இரண்டாம் வகையும் மிகுந்திருப்பது உண்மையே. இந்த வேறுபாட்டில் பிறப்பிலேயே அமைந்த கூறு கணிசமானது.

நாரின் இயல்பைப் பெருமளவில் தீர்மானிப்பது அதற்கு வரும் நரம்பு. 1960இல் புல்லர், ஜோன் எக்கிள்ஸ், ரோசமண்ட் எக்கிள்ஸ் ஆகியோர் பூனைகளில் விரைவான தசைக்கும் மெதுவான தசைக்கும் செல்லும் நரம்புகளை மாற்றி இணைத்தார்கள்; விரைவான தசை மெதுவாகவும் மெதுவான தசை விரைவாகவும் சுருங்கத் தொடங்கின. ஆகவே மாற்றம் கொள்கையளவில் சாத்தியமே. ஆனால் பயிற்சி என்பது நரம்பை வெட்டி ஒட்டுவதன்று. சில மாதப் பயிற்சியில் எளிதாக நிகழ்வது 2எக்ஸ் நார்கள் 2ஏ ஆவது. இது பாரம் தூக்கினாலும் நிகழும், நெடுந்தூரம் ஓடினாலும் நிகழும். விரைவான நார் முழுமையாக முதலாம் வகைக்கு மாறுவது மிகக் குறைவு.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 1980இல் றொபேர்ட் ஹிக்சன் ஒரு குழுவினரைப் பத்து வாரங்கள் பலப் பயிற்சியும் ஓட்டம், சைக்கிள் ஆகிய பயிற்சிகளும் சேர்த்து மிகக் கடுமையாகச் செய்ய வைத்தார். அவர்களுடைய பலம் முதலில் ஏறி, ஏழாம் எட்டாம் வாரத்துக்குப் பிறகு நின்று, பின்னர் சற்று இறங்கியது. பலப் பயிற்சி மட்டும் செய்தவர்களின் பலமோ தொடர்ந்து ஏறியது. களைத்த கால்களோடு வேகப் பயிற்சிக்கு வரும் பிள்ளை தன் உச்ச வேகத்தில் ஓடமாட்டான். உச்ச வேகத்தில் ஓடாமல் வேகம் வளராது. வாரத்துக்கு ஓரிரு முறை இருபது நிமிடம் இலகுவாக ஓடுவதால் பதினைந்து வயதுப் பிள்ளைக்குக் கெடுதல் எதுவும் இல்லை, பயிற்சிகளுக்கிடையே மீண்டெழவும் அது உதவலாம். போட்டிக் காலத்தில் வாரத்தின் பல நாள்களை நெடுந்தூரத்துக்குக் கொடுப்பதை நான் விரும்பமாட்டேன். பயிற்றுநரிடம் மரியாதையோடு காரணத்தைக் கேளுங்கள். மகன் எந்தத் தூரத்துக்கு ஏற்றவன் என்று அவர் இன்னும் கணித்துக்கொண்டிருக்கவும் கூடும்.

கேள்வி: எனக்கு வயது 66. பல ஆண்டுகளாக நீரிழிவுக்கு மாத்திரை எடுத்துவருகிறேன். விகாரமகாதேவி பூங்காவில் ஞாயிறு தோறும் இரண்டு மணி நேரம் நடக்கிறேன். இந்த வயதில் தசை இன்னும் பழகுமா? குருதியிலுள்ள சீனியின் அளவுக்கு இதனால் பலன் உண்டா?
— ஓய்வுபெற்ற ஆசிரியர், மருதானை

பதில்: ஐயா, பழகும். அறுபது எழுபது வயதினரிலும் நடையும் சைக்கிளும் இழைமணிகளைப் பெருக்குகின்றன என்பது பல ஆய்வுகளில் காட்டப்பட்டிருக்கிறது. இளைஞரைவிட வேகம் குறைவாக இருக்கலாம், திசை ஒன்றே.

சீனியைப் பொறுத்தவரை, உணவின் பின் குருதியில் உயரும் குளுக்கோசை இன்சுலினின் தூண்டலால் உள்வாங்கும் உறுப்புகளில் முதன்மையானது வன்கூட்டுத் தசையே. குளுக்கோசு தசைநாருக்குள் நுழைவதற்குக் குளுட்-4 என்ற புரதம் நாரின் மேற்பரப்புக்கு வந்து சேர வேண்டும். சாதாரணமாக அதை அங்கே அழைத்துவருவது இன்சுலின். உங்களுக்கு உள்ள வகை நீரிழிவில் அந்த அழைப்புக்குத் தசை சரியாகச் செவிசாய்ப்பதில்லை. ஆனால் தசை சுருங்கும்போது, இன்சுலினின் துணையின்றியே வேறொரு வழியால் குளுட்-4 மேற்பரப்புக்கு வருகிறது. அந்த வழி நீரிழிவுள்ளவர்களிலும் பெரும்பாலும் பழுதின்றி இருக்கிறது என்பது மருத்துவத்தில் மிகவும் மகிழ்ச்சி தரும் செய்திகளுள் ஒன்று என்று நான் கருதுகிறேன். நடந்து முடித்த பின்னரும் ஒரு நாள் முதல் இரண்டு நாள் வரை தசை இன்சுலினுக்குக் கூடுதலாக இணங்குகிறது; தொடர்ந்து பயிற்சி செய்தால் குளுட்-4 புரதத்தின் மொத்த அளவே உயர்கிறது.

இதிலிருந்தே உங்கள் வழக்கத்தில் எதை மாற்ற வேண்டும் என்பது தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை நடையின் பலன் செவ்வாய்க்கிழமைக்குள் பெரும்பாலும் தேய்ந்துவிடும். அதே இரண்டு மணி நேரத்தை நான்கைந்து நாள்களாகப் பிரித்து, அரை மணி நேர அளவில், பேச முடியும் ஆனால் பாட முடியாது என்ற வேகத்தில் நடப்பது மேலானது. தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் இடைவெளி விட வேண்டாம். சில வகை மாத்திரைகளும் இன்சுலின் ஊசியும் நடக்கும்போது சீனியின் அளவை அளவுக்கு மீறிக் குறைத்துவிடக்கூடும் என்பதால், மாற்றத்தைத் தொடங்குமுன் உங்கள் கிளினிக் வைத்தியரிடம் சொல்லுங்கள். சட்டைப்பையில் குளுக்கோசு இனிப்பு இருக்கட்டும். நடை முடிந்ததும் பாதங்களைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நீண்ட ஓட்டத்துக்கு மறுநாள் தொடை வலிக்கிறது. தேங்கிய இலத்திக்கமிலத்தை வெளியேற்ற எண்ணெய் தேய்த்து உருவிவிடச் சொல்கிறார்கள்.
— வாசகர், கிராண்ட்பாஸ்

பதில்: ஓட்டத்தின்போது உருவான இலத்திக்கமிலம் ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் குருதியிலிருந்து அகன்றுவிடும், அதன் பெரும்பகுதியை இதயமும் மற்றைய தசைநார்களும் எரிபொருளாகவே பயன்படுத்திக்கொள்கின்றன. மறுநாள் வலிக்குக் காரணம், பழக்கமில்லாத சுமையில், குறிப்பாக இறக்கத்தில் ஓடும்போது, நார்களில் ஏற்படும் நுண்ணிய சிதைவும் அதைத் தொடரும் அழற்சியும் ஆகும். எண்ணெய் தேய்ப்பது இதமாக இருந்தால் செய்யுங்கள்.

கேள்வி: கொழும்பில் நடைபெறவுள்ள அரை மரதனுக்குப் பதிந்திருக்கிறேன். முதல் நாள் இரவு சோறு உண்ண வேண்டாம், பயறும் முட்டையும் மட்டும் போதும் என்கிறார் ஒரு நண்பர். எது சரி?
— வாசகி, நாவல

பதில்: சோறு உண்ணுங்கள். 1966இல் சுவீடனைச் சேர்ந்த பேர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் ஆகிய இரு மருத்துவ ஆய்வாளர்கள் தங்களையே சோதனைக்கு உட்படுத்தினார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் நின்று, ஒவ்வொருவரும் ஒரு காலால் மட்டும் களைத்து ஓயும்வரை மிதித்தார்கள். பின்னர் மூன்று நாள்கள் மாச்சத்து மிகுந்த உணவை உண்டார்கள். உழைத்த காலின் கிளைக்கோஜன், ஓய்ந்திருந்த காலில் உள்ளதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்ந்தது. வெறுமையான தசை, நிறைந்திருந்த தசையைவிட ஆவலோடு மாச்சத்தை உள்ளே இழுக்கிறது என்று இதன்மூலம் அறிந்தோம்.

ஆகவே ஓட்டத்துக்கு முந்திய ஓரிரு நாள்கள் தூரத்தைக் குறைத்து, சோறு, இடியப்பம், பிட்டு, பாண் ஆகியவற்றில் உங்களுக்கு ஒத்துக்கொள்வதைச் சற்றுக் கூடுதலாக உண்ணுங்கள்; தேங்காய்ப்பால் மிகுந்த கறிகளையும் நார்ச்சத்து மிகுந்தவற்றையும் அந்த இரவு தவிர்ப்பது வயிற்றுக்கு நல்லது. வெப்பத்தையும் கணக்கிலெடுக்க வேண்டும். வெக்கையில் ஓடும்போது குருதியின் ஒரு பங்கு உடலைக் குளிர்விக்கத் தோலுக்குத் திருப்பப்படுகிறது. தசையும் கிளைக்கோஜனை விரைவாகச் செலவழிக்கிறது. வெப்பத்துக்கு உடல் பழக ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வேண்டும். கொழும்பில் வாழ்ந்தாலும் நாள் முழுவதும் குளிரூட்டிய அலுவலகத்தில் இருப்பவர்கள் இந்தப் பழக்கத்தைத் தானாகப் பெற்றிருப்பார்கள் என்று எண்ணிவிடக் கூடாது.

கேள்வி: ஓடத் தொடங்கியதிலிருந்து விற்றமின் சி, ஈ மாத்திரைகளைத் தினமும் எடுக்கிறேன். பயிற்சிக்கு இவை துணைசெய்யுமா?
— வாசகர், கொள்ளுப்பிட்டி

பதில்: துணைசெய்வதற்குப் பதிலாகத் தடுக்கவும் கூடும். உழைக்கும் தசையில் உருவாகும் ஒட்சிசன் சார்ந்த மூலிகங்களை, அதாவது மற்றவற்றோடு எளிதில் வினைபுரியும் துணிக்கைகளை, வெறும் நச்சாகவே முன்னர் கருதினோம். சிறிதளவில் அவை தசை பழகுவதற்கான சமிக்ஞைகளும் ஆகும். ரிஸ்ரோவும் கூட்டாளிகளும் ஜேர்மனியில் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், நான்கு வாரப் பயிற்சியோடு நாள்தோறும் 1000 மில்லிகிராம் விற்றமின் சியும் அதனுடன் விற்றமின் ஈயும் எடுத்த இளைஞர்களில், பயிற்சியால் இன்சுலினுக்கு இணங்கும் தன்மை கூடவில்லை; மாத்திரை எடுக்காதவர்களில் கூடியது. எல்லா ஆய்வுகளும் ஒரே முடிவைத் தரவில்லை என்றாலும், பெரிய அளவு மாத்திரைகள் ஓட்டத் திறனைக் கூட்டும் என்பதற்கு வலுவான சான்று இல்லை. கொய்யா, தோடம்பழம், நெல்லி ஆகியவற்றில் கிடைப்பது போதும். வேறு நோய்க்காக வைத்தியர் எழுதிக்கொடுத்திருந்தால் அவரைக் கேளாமல் நிறுத்த வேண்டாம்.

கேள்வி: தென்மேற்குப் பருவமழை தொடங்கினால் காலிமுகத்திடலில் என் ஓட்டம் வாரக்கணக்கில் நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டுமா?
— வாசகர், கொம்பனித்தெரு

பதில்: தொடக்கத்திலிருந்து அல்ல. பல ஆண்டுகள் பயின்ற வீரர்களை 84 நாள்கள் பயிற்சியின்றி இருக்கச் செய்து எட்வேட் கொய்லும் கூட்டாளிகளும் 1984இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல வழிகாட்டி. முதல் மூன்று வாரங்களில் ஒட்சிசனைப் பயன்படுத்தும் உச்ச அளவு சுமார் 7 சதவீதம் குறைந்தது. அதற்குக் காரணம் பெரும்பாலும் குருதியின் கனவளவு சுருங்கியதே. இழைமணி நொதியங்கள் முதல் இரு வாரங்களிலேயே இறங்கத் தொடங்கி, ஏறத்தாழ எட்டு வாரங்களில் கணிசமாகக் குறைந்தன. ஆயினும் ஒருபோதும் பயிற்சி செய்யாதவர்களின் அளவுக்கு மேலேயே நின்றன. மயிர்க்குழாய்களோ 84 நாள்களின் பின்னரும் குறையவில்லை. உழைத்துப் பெற்றவற்றுள் சில விரைவில் போகின்றன, சில நெடுங்காலம் நிற்கின்றன.

முற்றாக நிறுத்தாமல் இருப்பது எவ்வளவு பெறுமதியானது என்பதை முன்னர் குறிப்பிட்ட ஹிக்சனே வேறோர் ஆய்வில் காட்டினார். பத்து வாரங்கள் வாரத்துக்கு ஆறு நாள் பயின்றவர்கள், அதன் பின்னர் வாரத்துக்கு இரண்டு நாள் மட்டும் பயின்றபோதும், பதினைந்து வாரங்கள் வரை தங்கள் உச்ச அளவை இழக்கவில்லை. நாள்களைக் குறைக்கலாம், நேரத்தையும் ஓரளவு குறைக்கலாம். தீவிரத்தைக் குறைத்தால்தான் இழப்பு. ஆகவே மழைக் காலத்தில் வாரத்துக்கு இரண்டு முறை, மாடிப்படிகளில் விரைந்து ஏறி நடந்து இறங்குவதையோ, வீட்டுக்குள் கயிறடிப்பதையோ, நன்றாக மூச்சு வாங்கும் அளவுக்கு இருபது நிமிடம் செய்யுங்கள்.

மழை ஓய்ந்து திரும்ப ஓடத் தொடங்கும்போது முதல் வாரம் பழைய தூரத்தில் பாதியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மூச்சும் தசையும் விரைவில் மீண்டுவிடும், ஆனால் தசைநாண்களும் எலும்பும் சுமைக்குப் பழகுவது அவற்றைவிட மெதுவானது. குதிக்கால் தசைநாண் வலியும் முழந்தாள் வலியும் பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான் வந்து சேர்கின்றன. காலையில் கட்டிலிலிருந்து இறங்கி வைக்கும் முதல் அடிகளில் குதிக்கால் இறுகி வலித்தால், அன்று ஓடாமல் நடக்க வேண்டும்.